கூட்டரசு அரசியலமைப்பில் உருபும் உரிமையும் – ஒரு திறனாய்வு

மலேசியத் தமிழ்ப்பள்ளி மாணவர் சபைக்கூடலில் ஓதும் ருக்குன் நெகாராவின் மூன்றாம் கோட்பாடு அரசியலமைப்புச் சட்டத்தைப் பற்றியது. 1970ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் அறிவிக்கப்பெற்ற அக்கோட்பாட்டை மனப்பாடமாகச் சொல்லாத மாணவர் இலர். ஆயின் அது சுட்டும் நூலைத் திறந்து படித்தவர் ஆசிரியரிடையேயும் அரியர். அந்நூலைப் பற்றித் தமிழில் எழுதப்படுவனவற்றுள் பெரும்பாலானவை மேடைப் புகழ்ச்சியாகவோ தேர்வுக்குரிய குறிப்பாகவோ நின்றுவிடுகின்றன. 183 விதிகளும் 13 அட்டவணைகளும் கொண்டு, 1957ஆம் ஆண்டு தொடங்கி ஐம்பதுக்கும் மேற்பட்ட முறை திருத்தப்பட்ட ஒரு பனுவலைப் பனுவலாகவே எடுத்துச் சொல்லுக்குச் சொல் ஆராயும் முயற்சி மிகக் குறைவு.

இக்குறை தமிழ் கற்றோர்க்குப் பொருந்துவதன்று. சொல்லதிகாரத்தில் வேற்றுமையை ஆராய்வதற்கு இயல்கள் பலவற்றையும், இடைச்சொல்லுக்கெனத் தனியே ஓர் இயலையும் ஒதுக்கிய இலக்கணத்தின் வழிவந்தோர் அவர். ஒரே நூற்பாவுக்கு இளம்பூரணர் ஒன்று சொல்லச் சேனாவரையர் வேறொன்று சொல்வதும், மறுக்கப்பட்ட உரை ‘என்பாரும் உளர்’ என்று ஏட்டிலேயே நிலைபெறுவதும் அவர்க்குப் புதியன அல்ல. அரசியலமைப்பைப் படிக்க வேண்டிய முறையும் ஏறத்தாழ இதுவே. அது வழங்கும் உரிமைகளின் எல்லையை ‘சுதந்திரம்’, ‘சமத்துவம்’ முதலிய பெருஞ்சொற்கள் காட்டுவதில்லை. எவர்க்கு, எதை, எதில், எதற்கு உட்பட்டு என்னும் சிறுசொற்களே காட்டுகின்றன. அச்சிறுசொற்களுக்கு உரை வகுப்போர் நீதிபதிகள்.

இந்நூலை வரைந்தோர் வரலாறு சுருங்கச் சொல்லத்தக்கது. 1956ஆம் ஆண்டில் அமைந்த ஆணைக்குழுவுக்கு இங்கிலாந்தின் ரீட் பிரபு தலைவர். அதே நாட்டின் ஐவர் ஜென்னிங்ஸ், ஆஸ்திரேலியாவின் வில்லியம் மெக்கெல், இந்தியாவின் நீதிபதி மாலிக், பாகிஸ்தானின் நீதிபதி அப்துல் ஹமிட் ஆகியோர் ஏனைய உறுப்பினர். மலாயாவைச் சேர்ந்த ஒருவரும் அக்குழுவில் இல்லை. அவர்கள் தந்த வரைவு 1957இல் பல மாற்றங்களுக்கு உட்பட்டு, மெர்டேக்கா நாளன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 4ஆவது விதி, அரசியலமைப்பே நாட்டின் தலையாய சட்டம் எனவும், மெர்டேக்காவுக்குப் பின் இயற்றப்படும் எச்சட்டமும் அதற்கு முரண்படும் அளவுக்குச் செல்லாது எனவும் நிறுவுகின்றது. 5 முதல் 13 வரையுள்ள ஒன்பது விதிகள் அடிப்படை உரிமைகளைக் கூறும் இரண்டாம் பகுதியாகும்.

இவ்வொன்பது விதிகளையும் ஒருசேரப் படிப்போர் முதலிற் காண வேண்டியது அவற்றின் எழுவாய். உயிரையும் உடல் விடுதலையையும் காக்கும் 5ஆவது விதி ‘எந்த ஆளும்’ என்று தொடங்குகின்றது. அடிமைத்தனத்தை விலக்கும் 6ஆவது விதியும், சட்டத்தின்முன் சமம் என்னும் 8ஆவது விதியின் முதல் உட்பிரிவும், சமய உரிமை தரும் 11ஆவது விதியும் அவ்வாறே ஆட்களைப் பற்றியன. ஆனால் நாடு கடத்தலைத் தடுக்கும் 9ஆவது விதியும், பேச்சு, கூட்டம், சங்கம் ஆகியவற்றுக்குரிய 10ஆவது விதியும் ‘குடிமக்கள்’ என்று எழுவாயை மாற்றிக்கொள்கின்றன. இம்மாற்றம் தற்செயலானதன்று. உடலோடு பிறந்த உரிமை எல்லார்க்கும், நாட்டோடு வந்த உரிமை குடிமக்கட்கு என்னும் பாகுபாடு அதிலே அடங்கியுள்ளது.

இப்பாகுபாட்டின் எடையை இந்நாட்டுத் தமிழர் வரலாற்றை வைத்தே நிறுத்துப் பார்க்கலாம். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டப் பாட்டாளிகள் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வோடு, துரையைக் கண்டவுடன் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் அவ்வாண்டு மே மாதம் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அதை எதிர்த்து எழுந்த கொந்தளிப்பு படையினரால் அடக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். நாதனை வெளியேற்றக் காலனி அரசுக்கு நீதிமன்ற விசாரணை தேவைப்படவில்லை, ஓர் ஆணையே போதுமானதாயிற்று. 9ஆவது விதி அத்தகைய ஆணையின் கையைக் கட்டுகின்றது. எந்தக் குடிமகனையும் நாட்டைவிட்டு வெளியேற்றலாகாது என்கின்றது. ஆயினும் இன்னொரு நாதன் வந்தால் அவ்விதி அவரைக் காக்குமா என்ற வினாவுக்கு விடை 9ஆவது விதியில் இல்லை. அவர் குடிமகனா என்பதை முடிவு செய்யும் மூன்றாம் பகுதியிலும் இரண்டாம் அட்டவணையிலுமே அது உள்ளது.

குடியுரிமைச் சட்டத்தின் வரலாறு சொற்கள் சேர்ந்ததும் நீங்கியதுமான வரலாறு. மெர்டேக்கா நாள் முதல் இம்மண்ணிற் பிறந்த குழந்தை, பிறந்த மண்ணின் உரிமையாலேயே குடிமகனாயிற்று. 1962ஆம் ஆண்டுத் திருத்தம், பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தர வசிப்பிடத் தகுதி பெற்றவராகவோ இருத்தல் வேண்டும் என்று நிபந்தனை சேர்த்தது. ஒரு தொடர் சேர்ந்தது. மண்ணின் உரிமை பெற்றோர் உரிமையாகச் சுருங்கியது. 1968இல் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடிமக்கள் அல்லாதோர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றது. தோட்டத்திலேயே முதுமையடைந்தும் உரிய காலத்தில் மனுச் செய்யாதிருந்தோர் பலர் அப்போதுதான் தம் சிவப்பு அடையாள அட்டையின் பொருளை உணர்ந்தனர். ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினர். பத்திரத்தை நிரப்ப உதவுவார் இன்மையும், எழுத்தறிவின்மையும், ‘இன்னும் நாள் இருக்கிறது’ என்ற எண்ணமும் அதற்குக் காரணங்கள். எனவே அரசியலமைப்பை மட்டும் குறைகூறுதல் நடுநிலையாகாது.

2024ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தமும் இவ்வகையிலேயே ஆராயத்தக்கது. வெளிநாட்டிற் பிறக்கும் குழந்தைக்குத் தந்தை வழியே மட்டும் தானாகக் கிடைத்துவந்த குடியுரிமையைத் தாய் வழியேயும் தர அது வகை செய்தது. நெடுநாள் வழக்காடிய தாய்மார்க்கு இது பெரும் வெற்றி. அதை எவரும் பாராட்டுவர். அதே திருத்தம், நிரந்தர வசிப்பிடத் தகுதி மட்டுமே உடையோரின் பிள்ளைகள் உள்நாட்டிற் பிறந்த அளவிலேயே குடியுரிமை பெறும் வழியையும் நீக்கியது. 1962இல் சேர்ந்த தொடரில் சிவப்பு அட்டைக்காரர்க்கு எஞ்சியிருந்த பாதி இவ்வாறு போயிற்று. ஒரு கையால் சேர்த்ததைக் கொண்டாடிய ஏடுகள், மறு கையால் எடுத்ததற்கும் அத்துணை இடம் தந்திருக்க வேண்டும்.

8ஆவது விதியின் இரண்டாம் உட்பிரிவைப் பற்றி நெடிது கூற வேண்டுவதில்லை. சமயம், இனம், வழி, பிறந்த இடம் ஆகியவற்றை ‘மட்டுமே’ காரணமாகக் கொண்டு குடிமக்களிடையே வேறுபாடு காட்டலாகாது என்பது அது. பிரிநிலைப் பொருளில் வரும் அந்த ‘மட்டுமே’ விதியின் வாயிலையும் குறுக்குகின்றது. வேறொரு காரணமும் உடன் சேர்ந்திருந்தது என வாதிட இடந்தருகின்றது. ‘பால்’ என்னும் காரணம் 2001ஆம் ஆண்டிலேதான் சேர்க்கப்பட்டது. கருவுற்றமையால் வேலையிழந்த விமானப் பணிப்பெண் ஒருவரின் வழக்கில் 2005இல் கூட்டரசு நீதிமன்றம், இவ்வுரிமைகள் அரசுக்கு எதிராகவே செல்லும், தனியார் ஒப்பந்தத்துக்கு எதிராகச் செல்லா எனக் கூறியது. குடிமை பற்றிய பாடங்கள் இவ்வரம்பைச் சொல்லாமல் விடுவதால், முதலாளி இழைக்கும் அநீதியையும் அரசியலமைப்பே நேராகத் தடுக்கும் என மாணவர் எண்ணிக்கொள்கின்றனர்.

பேச்சுரிமை தரும் 10ஆவது விதியில் ஒரு சொல்லின் வாழ்க்கை வரலாறே அடங்கியிருக்கின்றது. ரீட் குழுவின் வரைவு, இவ்வுரிமைகளுக்கு ‘நியாயமான’ கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்றிருந்தது. நீதிபதி அப்துல் ஹமிட் அச்சொல்லை ஏற்காது தனிக்குறிப்பு எழுதினார். கட்டுப்பாடு நியாயமானதா என்று நீதிமன்றம் ஆராயத் தொடங்கினால் நாடாளுமன்றம் இயற்றும் சட்டம் உறுதியற்றதாகிவிடும் என்பது அவர் வாதம். அவர் கருத்தே வென்றது. இறுதியான விதி, நாடாளுமன்றம் தேவை அல்லது உசிதம் எனக் கருதும் கட்டுப்பாடுகள் என்று அமைந்தது. ஆராயும் உரிமை நீதிமன்றத்தை விட்டு நீங்கிக் கருதும் உரிமையாக நாடாளுமன்றத்துக்குச் சென்றது. இந்தியாவில் பேச்சுரிமை பற்றிய உட்பிரிவில் அதே சொல் 1951இல் திருத்தத்தின் வழியே சேர்க்கப்பட்டது என்பதை ஒப்பிட்டால், ஒரே காலத்தில் இரு நாடுகள் எதிரெதிர்த் திசையில் சென்றமை புலனாகும்.

1957இல் நீங்கிய சொல் 2010இல் திரும்பி வந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் வழக்கறிஞர் மன்றக் குழுவில் இடம்பெறலாகாது என்ற சட்டத்தை எதிர்த்து, வழக்கறிஞரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சிவராசா ராசையா தொடுத்த வழக்கில், தீர்ப்புரைத்த நீதிபதி கோபால் ஸ்ரீ ராம், 10ஆவது விதியில் உள்ள ‘கட்டுப்பாடுகள்’ என்ற சொல்லை ‘நியாயமான கட்டுப்பாடுகள்’ என்றே கொள்ள வேண்டும் எனப் பொருள் வகுத்தார். வழக்கில் சிவராசா தோற்றார், சொல் வென்றது. மூலத்தில் இல்லாத அடைமொழியை உரையாசிரியர் வருவித்து உரைக்கலாமா என்பது தமிழுரை மரபிலும் ஓயாத வழக்கு. ‘சொல்லெச்சம்’ எனக் கொள்வாரும், ‘நூலாசிரியர் கருத்தன்று’ என மறுப்பாரும் அங்கும் உண்டு. வேண்டுமென்றே நீக்கப்பட்ட சொல்லை எச்சமெனக் கொள்ளுதல் கடினமே. எனினும் நியாயமற்ற கட்டுப்பாடும் செல்லும் எனின், உரிமை என்ற சொல்லுக்கு அவ்விதியில் பொருளே எஞ்சாது. அவ்வகையில் இவ்வுரை மூலத்தின் எழுத்துக்குச் சற்று விலகியும் அதன் நோக்கத்துக்கு அணுகியும் நிற்பது.

தமிழாசிரியர்க்கு இவையனைத்தினும் நெருக்கமானது மொழி பற்றிய 152ஆவது விதி. மலாய் மொழி தேசிய மொழி என்று நிறுவிய பின், அவ்விதி இரு காப்புரைகளைச் சேர்க்கின்றது. அலுவல் நோக்கம் தவிர்ந்த பிறவற்றில் வேறெந்த மொழியையும் பயன்படுத்துவதோ, அதனைக் கற்பிப்பதோ கற்பதோ தடைசெய்யப்படலாகாது என்பது முதலாவது. கூட்டரசில் உள்ள பிற சமூகத்தாரின் மொழிப் பயன்பாட்டையும் மொழிக்கல்வியையும் பேணி வளர்க்கும் அரசாங்கத்தின் உரிமை இதனால் பாதிக்கப்படாது என்பது இரண்டாவது.

முதலாவது காப்புரையின் உயிர் ஒரு வேற்றுமை உருபில் இருக்கின்றது. மொழி‘யைக்’ கற்பித்தல் இரண்டாம் வேற்றுமை, மொழி செயப்படுபொருள். மொழி‘யில்’ கற்பித்தல் ஏழாம் வேற்றுமை. ‘மொழியால்’ என விரித்துக் கருவிப்பொருளாகக் கொள்ளினும் தவறாகாது. காப்புரையின் சொற்கள் இரண்டாம் வேற்றுமைக்குரியன. சீன மொழியைப் பயிற்றுமொழியாகக் கொண்டு மெர்டேக்கா பல்கலைக்கழகம் நிறுவ அனுமதி கோரிய வழக்கில் இவ்வேறுபாடே முடிவாயிற்று. 1981இல் உயர் நீதிமன்றமும் 1982இல் கூட்டரசு நீதிமன்றமும், மொழியைக் கற்பிக்கும் உரிமை மொழியில் கற்பிக்கும் உரிமை ஆகாது என்றன. பல்கலைக்கழகம் பொது அதிகார அமைப்பு, ஆகவே அங்குப் பயிற்றுமொழி அலுவல் நோக்கம் என்பது அவற்றின் மற்றொரு காரணம். ஐவருள் நீதிபதி ஜார்ஜ் சியா ஒருவரே மாறுபட்டார். அவர் உரை ‘என்பாரும் உளர்’ என்ற நிலையில் ஏட்டில் உள்ளது. தமிழ், சீனப் பள்ளிகளை மூட வேண்டும் என 1978இல் மக்களவையிற் பேசிய சபா உறுப்பினர் மார்க் கோடிங் மீது நடந்த தேச நிந்தனை வழக்கிலும் இதே உருபு தலைகாட்டிற்று. உயர் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. ஆனால் பள்ளிகளை மூடச் சொன்னதற்காக அன்று. அதற்கும் அப்பாற் சென்று 152ஆவது விதியின் காப்பையே கேள்விக்குள்ளாக்கியதற்காக. இதனை அறியாதார் அத்தீர்ப்பைத் தமிழ்ப்பள்ளிக்குக் கிடைத்த அரணாக மேடைதோறும் கூறிவருகின்றனர்.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அதே உருபு மீண்டும் மன்றேறியது. தமிழ், சீனப் பள்ளிகளின் பயிற்றுமொழி 152ஆவது விதிக்கு முரணானது எனச் சில அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. 2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளியது. அப்பள்ளிகள் பொது அதிகார அமைப்புகள் அல்ல, ஆகவே அங்குத் தமிழும் சீனமும் பயிற்றுமொழியாதல் அலுவல் நோக்கம் ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அம்முடிவை உறுதிசெய்தது. 2024இல் கூட்டரசு நீதிமன்றம் மேற்கொண்டு முறையிட அனுமதி மறுத்தது. தமிழ்ப்பள்ளிகள் அரசியலமைப்புக்கு மாறானவை என்ற கூற்றுக்கு இதனால் நிலைக்களன் இல்லாது போயிற்று.

ஆயினும் தீர்ப்பு எதைச் சொல்லிற்றோ அதனை மட்டுமே கொள்ளுதல் வேண்டும். தமிழ்ப்பள்ளி இருக்கலாம் என்று அது கூறிற்று. இருந்தே ஆக வேண்டும் என்று கூறிற்றில்லை. முரண்படாமை வேறு, உரித்தாதல் வேறு. இரண்டாவது காப்புரையில் ‘உரிமை’ என்ற சொல் வருவதைக் கண்டு மகிழ்வோர் அதற்கு முன் நிற்கும் ஆறாம் வேற்றுமையைக் கவனிப்பதில்லை. அவ்வுரிமை அரசாங்கத்தினது. தமிழைப் பேண விரும்பும் அரசாங்கத்தை எவரும் தடுக்க இயலாது என்பதே அதன் பொருள். பேண விரும்பாத அரசாங்கத்தைப் பேணச் செய்யும் ஆற்றல் அத்தொடருக்கு இல்லை. தமிழ்ப்பள்ளிக்கு அரசியலமைப்பு உத்தரவாதம் அளித்துவிட்டது என்று ஆண்டுதோறும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் முழங்கப்படும் உரை, இவ்விரு உருபுகளையும் விழுங்கிவிட்டுப் பிறந்த உரை. கேட்போர்க்கு அது இனிது. ஆனால் அவ்வினிமை, பிள்ளையைச் சேர்க்கும் பொறுப்பையும் பள்ளியைக் காக்கும் பொறுப்பையும் ஒரு நூலின் மேல் ஏற்றிவிட்டு அவர்களை உறங்கச் செய்கின்றது.

சிங்கப்பூரை ஒப்பிட்டால் இது மேலும் விளங்கும். அந்நாட்டு அரசியலமைப்பின் 153அ விதி மலாய், மண்டரின், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழையும் பெயர் சொல்லி அதிகாரத்துவ மொழியாக்குகின்றது. மலேசியாவின் 152ஆவது விதியிலோ தமிழ் என்ற பெயரே இல்லை. ‘பிற மொழி’ என்பதனுள் அது அடங்கிக் கிடக்கின்றது. ஆனால் பெயர் பெற்ற நாட்டில் கடைசித் தமிழ்ப்பள்ளியாகிய உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. பெயர் பெறாத நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்த் தொடக்கப்பள்ளிகள் இயங்குகின்றன. சிங்கப்பூரில் தமிழ் பாடமாக நிலைத்தது, அதாவது இரண்டாம் வேற்றுமையில். மலேசியாவில் பயிற்றுமொழியாகவும் நிற்கின்றது. இவ்வேறுபாட்டை ஆக்கியவை அரசியலமைப்பின் சொற்கள் அல்ல. கல்விக்கொள்கையும், பெற்றோர் தேர்வும், வாக்கு எண்ணிக்கையும்.

மலேசியச் சட்டத்தில் தமிழ் பெயர் பெறும் இடம் வேறு. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் விளக்கப் பிரிவு, சீனத்தையோ தமிழையோ முதன்மைப் பயிற்றுமொழியாகக் கொண்டு தொடக்கக்கல்வி அளிப்பது தேசிய வகைப் பள்ளி என வரையறுக்கின்றது. அச்சட்டத்தின் 28ஆவது பிரிவு, அமைச்சர் தேசியப் பள்ளிகளையும் தேசிய வகைப் பள்ளிகளையும் ‘நிறுவலாம்’ என்றும், அவற்றைப் ‘பராமரித்தல் வேண்டும்’ என்றும் இரு வேறு முடிபுகளை ஒரே தொடரில் அமைத்துள்ளது. புதிய பள்ளி அமைச்சரின் விருப்பம். உள்ள பள்ளியைப் பேணுதல் அவர் கடமை. இந்நாட்டுத் தமிழ்ப்பள்ளிக்கு ஆதரவாகச் சட்டத்தில் உள்ள சொற்களுள் மிக வலியது அந்த ‘வேண்டும்’ என்பதே. பழைய 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில், தேசிய வகைப் பள்ளியைத் தேசியப் பள்ளியாக மாற்ற அமைச்சருக்கு அதிகாரம் தந்திருந்த 21ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, 1996இன் சட்டத்தில் இடம்பெறவில்லை என்பதும் உடன் கருதத்தக்கது.

152ஆவது விதியைத் திருத்த இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்கு வாக்கும் மலாய் ஆட்சியாளர் மன்றத்தின் இசைவும் வேண்டும். கல்விச் சட்டத்தின் ‘வேண்டும்’ என்பதை ‘லாம்’ என மாற்றச் சாதாரணப் பெரும்பான்மை போதும்.